மிதிக்காமல் இறங்கிய பிரஸ்

போன மாதம் நாமக்கல் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். என் தம்பி மகன் அங்கே மெக்கானிக். புதிதாக வந்திறங்கிய பவர் பிரஸ்ஸை எனக்குக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டுத் தள்ளும் இயந்திரம் அது. நானும் வாழ்நாள் முழுக்க அந்த ஜாதி இயந்திரங்களைத்தான் பழுது பார்த்தேன்.

அங்கிருந்த இளம் இன்ஜினியர் மரியாதையாகப் பேசினார். இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் ஒளியாலான ஒரு திரை இருக்கிறது, கை குறுக்கே போனால் அந்த நொடியே நின்றுவிடும் என்றார். சொல்லிக்கொண்டே, ஓடுகிற பிரஸ்ஸுக்குள் முழங்கை வரை கையை நீட்டினார்.

அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பொத்தான்கள் தெறித்தன. பிரஸ் என்னவோ அவர் சொன்னபடியே பாதியில் நின்றிருந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஒண்ணும் ஆகாதுங்க ஐயா" என்று அவரும் சிரித்தார். தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க ஐயா இத்தன பயந்துட்டீங்க?" என்று கேட்டார்கள். அதற்குப் பதிலை வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

என் பெயர் சூசைராஜ். சேலம் டவுனில் பிறந்தவன். அப்பா பங்குக் கோயிலில் மணி அடிப்பார், மற்ற நேரத்தில் வீடு வீடாகப் போய்த் தையல் மிஷின் பழுது பார்ப்பார். எனக்கு இரும்பு பழகியது அந்தத் தையல் மிஷின்களால்தான். ஒரு லேத் பட்டறையில் நான்கு வருஷம் அரம் பிடித்து ராவினேன். அதற்குமேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், ஊருக்கு வெளியே இருந்த ஒரு தகடு அடிக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன்.

நீளமான தகரக் கொட்டகை. அதற்குள் பதினோரு பிரஸ்கள். வாளிக்குக் காது, டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுத் தகடு என்று அடித்துக்கொண்டிருந்தோம். பிறகு நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் வேலை பெருகப் பெருக, லாரிக் கதவுக்கு வேண்டிய கீல்களே முக்கிய வேலையாகிவிட்டன. கீல் அடித்தது பெரிய பிரஸ். பம்பாயில் ஏலத்தில் எடுத்த பழைய இயந்திரம். எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தது.

அது எப்படி ஓடும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஒரு கனச் சக்கரம். மோட்டார் அதை நாள் பூராவும் பெல்ட் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் மேலே ஒரு பெரிய இரும்புத் தலை தொங்கும். கீழே அச்சு. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் தகட்டை அச்சின் மேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டு, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் சக்கரத்தின் வேகம் தலைக்குப் போகும். தலை இறங்கி அடித்துவிட்டு மறுபடி உச்சிக்குப் போய் நிற்கும். உச்சியில் அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக் பட்டி. ஒரு மிதிக்கு ஒரு இறக்கம். தலை நிற்கிற அந்த நேரத்தில் கையை உள்ளே விட்டு, அடித்த துண்டை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒருவர் கை ஒரு நாளில் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் அந்தத் தலைக்கு அடியில் போய் வரும்.

எங்களுக்கு போர்மேன் கோவிந்தசாமி. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ரயில் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லி, காக்கி அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் பழுது பார்க்கப் பிரஸ்ஸுக்குள் கையை விடுவதற்கு முன்னால் வந்து நின்று மூன்று கேள்வி கேட்பார்.

"பியூஸ் எங்க?"

"சக்கரம் நின்னுச்சா?"

"கட்ட எங்க?"

ஆமாங்க, ஆச்சுங்க என்று வாயால் சொன்னால் ஏற்கமாட்டார். "காட்டு" என்பார். மெயினிலிருந்து கழற்றிய பியூஸை, கையை உள்ளே விடப்போகிறவன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். வேறு யார் பையில் இருந்தாலும் வேலை தொடங்காது. சக்கரம் நின்றதைக் கையை வைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவதாக, தலைக்கும் அச்சுக்கும் நடுவில் கருவேலக் கட்டையை நிறுத்தி, அதை ஒரு தடவை அசைத்துக் காட்ட வேண்டும். எல்லாம் கோயில் பூசை மாதிரி ஒரே வரிசையில்.

சேர்ந்த முதல் மாதம் இதெல்லாம் எனக்கு வீண் வேலையாகப் பட்டது. ஒரு நாள் சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கரம் நிற்பதற்குள் அச்சில் மாட்டிய ஒரு பிசிறை எடுக்கக் கையை நீட்டினேன். யாரோ என் காலரைப் பிடித்தார்கள். கோவிந்தசாமி. மூலையில் இருந்த மூங்கில் ஒன்றை எடுத்து அச்சின் மேல் வைத்தார். மோட்டார் ஓடவில்லை, சக்கரம் மட்டும் பழைய வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காலால் பெடலைத் தொட்டார். தலை இறங்கியது. மூங்கில் இரண்டாகி, ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அணைத்துவிட்ட இயந்திரம் கடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு மதியம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவனுக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. எங்களுக்கு அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்பதை அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம் காட்டிக் கொடுத்தது.

பெரிய பிரஸ்ஸில் கீல் அடித்தவர் செல்லம்மாள். ஆட்டையாம்பட்டிக்காரர். கணவர் பெருமாள், நெசவுக் குடும்பம். நூல் சரியாகக் கிடைக்காமல் தறி நின்றபோது இரண்டு பேரும் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். பெருமாள் தகடு வெட்டும் பக்கம், அந்தம்மா பிரஸ். ஆண்கள் அடிப்பதைவிட அவர் அடிப்பது அதிகம். ஒரு துண்டுகூடக் கோணாது.

ஒரு திங்கட்கிழமை காலையில், வேலை தொடங்குமுன் செல்லம்மாள் என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்த மெசினு சரியில்லீங்க. நான் மிதிக்காதயே எறங்குதுங்க."

"எப்படி அம்மணி? மிதிக்காம எறங்காதே."

"மேல போயி நின்னுட்டு, சும்மா இருக்கையில தலையச் சாய்ச்சுட்டு வருதுங்க. சனிக்கெழம ரெண்டு வாட்டி. மத்தியானத்துக்கு மேலதானுங்க வருது. வளையலு தப்புச்சுது."

"சரி, பாக்கறேன்" என்றேன்.

பார்க்கவும் செய்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்போதே நானே உட்கார்ந்து, தகடு இல்லாமல் இருநூறு தடவை மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் தலை உச்சியில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெடல், ஸ்பிரிங், கொக்கி எல்லாவற்றையும் சோதித்தேன். தலையை ஏற்றி இறக்கும் தண்டின் பேரிங்கில் மட்டும் லேசாக ஒரு முனகல். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து, மேலே இருந்த எண்ணெய்க் கிண்ணத்தின் திருகை இரண்டு சுற்றுக் கூடத் திறந்துவிட்டேன். முனகல் நின்றது. பழுதுப் புத்தகத்தில் "சோதித்தேன், குறை இல்லை, ஓட்டலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோவிந்தசாமியும் என் எழுத்தை நம்பிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானத்துக்கு மேல் என்று அந்தம்மா சொன்னதை நான் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை. இயந்திரத்துக்குக் காலை ஏது, மாலை ஏது என்று நினைத்தேன். பெண்பிள்ளை, பயம், காலைத் தெரியாமல் வைத்திருப்பார் என்றும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை செல்லம்மாள் அந்த ஸ்டூலில் உட்கார மறுத்தார். மேனேஜர் வந்தார்.

"மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கான். அப்புறம் என்னம்மா? இஷ்டம் இல்லேன்னா ஊட்டுக்குப் போ."

அந்தம்மா நகரவில்லை, உட்காரவும் இல்லை. தகடு வெட்டுகிற இடத்திலிருந்து பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் அடிக்கறனுங்க. அவ கீலு கோக்கட்டும்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவியின் வேலை போகக்கூடாது என்பதற்காக உட்கார்ந்தார். நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். கொட்டகையின் மறுகோடியில் வேறொரு பிரஸ்ஸுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பிரஸ்ஸின் சத்தம் என் காதில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அடி, இடைவெளி, அடி, இடைவெளி. அன்றைக்கு அந்த இடைவெளிக்குள் ஒரு அடி விழுந்தது. இரும்பின் மேல் விழுந்த சத்தமாக அது இல்லை.

அலறல் இல்லை. திரும்பிப் பார்த்தபோது பெருமாள் எழுந்து நின்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் இருந்தது. மற்ற நாலும் இல்லை. ரத்தம் வர ஒரு கணம் ஆனது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்கண்ணா, நானா மிதிச்சேன்?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியின் குரல் எனக்குக் கொஞ்சம்கூட மங்கவில்லை. ஒரு பொருளைத் தவறவிட்டவன் கேட்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

கோவிந்தசாமி மெயினை இழுத்தார். தன் துண்டால் அந்தக் கையை இறுக்கிக் கட்டி, மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே பெருமாளை வெளியே நடத்திப் போனார். சரக்கு ஏற்ற வந்து நின்ற லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். செல்லம்மாள் ஓடி வந்து ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்தார். "நேத்தே சொன்னனே" என்றார். அவ்வளவுதான்.

லாரி நகருமுன் கோவிந்தசாமி தலையை நீட்டி, "சூச, மெஷின யாரும் தொடக்கூடாது. நீயும்" என்றார்.

நான் தொட்டேன்.

எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே நான் மட்டும். பியூஸைக் கழற்றிப் பையில் போட்டேன். சக்கரம் நின்றதைக் கை வைத்துப் பார்த்தேன். கட்டையை நிறுத்தி அசைத்துப் பார்த்தேன். பெருமாளின் ரத்தம் அச்சில் காயவில்லை, நான் என் கையைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்று விடாமல் எல்லாம் செய்தேன். பிறகு பிரேக் பட்டியின் மூடியைத் திறந்து கட்டை விரலால் அழுத்தினேன். பஞ்சைப் பிழிந்தது போல எண்ணெய் வந்தது.

அந்த நொடி எல்லாம் தெரிந்துவிட்டது. பேரிங்கின் ஓரம் தேய்ந்திருந்தது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உள்ளேயே நிற்கும். நாள் பூராவும் ஓடிச் சூடேறி, தகரக் கூரையும் காய்ந்தால், எண்ணெய் தண்ணீராக இளகித் தண்டு வழியே ஊர்ந்து பிரேக் பட்டிக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த பட்டி வழுக்கும். உச்சியில் நிற்க வேண்டிய தலை நிற்காமல் சாயும். செல்லம்மாள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. அதற்கு மேல் நான் செய்தது என்ன? திருகை இரண்டு சுற்றுத் திறந்து, இன்னும் எண்ணெய் விட்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் டின்னை எடுத்தேன். பஞ்சை நனைத்துப் பட்டியைத் துடைத்தேன். தண்டைத் துடைத்தேன். திருகை இரண்டு சுற்று மூடி, பழைய இடத்தில் வைத்தேன். அழுக்குப் பஞ்சைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கொல்லுலையில் போட்டு எரித்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னார் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் அப்போது அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குள் கோவிந்தசாமி திரும்பி வந்தார். சட்டை பூராவும் ரத்தம். பிரஸ்ஸின் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தார்.

"மண்ணெண்ண வாசம் வருது."

"அச்சத் தொடச்சேனுங்க."

அச்சைப் பார்த்தார். அதில் கறை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். அவர் கேட்காமல் போனது, கேட்பதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருமாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை துணி மூட்டை மாதிரி இருந்தது. செல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருமாள்தான் பேசினார்.

"வாங்கண்ணா. மெசினு பாத்தீங்ளா? குத்தம் ஒண்ணுமில்லீன்னு மேனேஜரு சொல்லிட்டுப் போனாருங்க. அப்ப நாந்தான் மிதிச்சிருக்கோணும். பழக்கமில்லாத காலு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனித் தறிக்கும் ஆகாதுங்களே" என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்டிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "செல்லம்மாவ மட்டும் அதுல ஒக்கார வெச்சுராதீங்க, சாமி."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். அப்படி லேசாகிவிட்டால் வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் பாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குள்ளேயே மேசை போட்டார்கள். பெருமாளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் செல்லம்மாள். நாங்கள் சுற்றி நின்றோம். இன்ஸ்பெக்டர் பழுதுப் புத்தகத்தை எடுத்து என் வரியைச் சத்தமாகப் படித்தார். "சோதித்தேன், குறை இல்லை, ஓட்டலாம்." அதே வரியை நான் எழுதும்போது அது இப்படிக் கேட்கவில்லை.

"பெருமாள், நீங்க சொல்லுங்க. பெடல ரெண்டாவது தடவ மிதிச்சீங்களா?"

"தெரியலீங்க. மெசினுல குத்தமில்லீன்னா, நாந்தான் மிதிச்சிருப்பனுங்க."

மேனேஜர் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். அவர் என்ன எழுதப்போகிறார் என்று அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். எழுதினால் அந்த மனிதர் சாகிற வரைக்கும் தன் காலைத்தானே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

"சார், அவரு மிதிக்கல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, எண்ணெய், பட்டி, மண்ணெண்ணெய், எரித்த பஞ்சு. செல்லம்மாள் சொன்னதைச் சோதிக்காமல் விட்டதையும் சொன்னேன். மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. "சார், இவன் பயத்துல உளறறான். வேணும்னா மெஷின ஓட்டிப் பாருங்க" என்றார்.

ஓட்டினோம். திருகை இரண்டு சுற்றுத் திறந்து, அன்றைக்கு வைத்திருந்தபடி வைத்தேன். தகடு வைக்கவில்லை. யாரும் கிட்டே வராமல் தள்ளி நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் நின்று நீள மூங்கிலால் பெடலை அழுத்தினேன். நூறு. இருநூறு. முந்நூறு. தலை ஒவ்வொரு தடவையும் உச்சியில் கச்சிதமாக நின்றது. ஒரு மணி நேரம் போனது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களே சார்."

பெஞ்சிலிருந்து செல்லம்மாள் எழுந்தார். யாரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"வெயிலு ஏறோணுங்க. தகரம் காயோணும். அதுக்கப்பறந்தான் அது வரும்."

இன்ஸ்பெக்டர் அந்தம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, "காத்திருக்கலாம்" என்றார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

மூங்கிலைப் பிடித்த என் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. கோவிந்தசாமி வந்து மாற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மதியம் இரண்டு மணி தாண்டியது. கூரை அனலாக இறங்கியது. ஓர் அழுத்து. தலை இறங்கி அடித்துவிட்டு மேலே போனது, நின்றது. மூங்கிலைத் தூக்கிவிட்டேன். பெடலை ஒன்றும் தொடவில்லை. உட்கார்ந்தபடி தூங்குகிறவன் தலை துவளுவது மாதிரி, அந்த இரும்புத் தலை மெதுவாக ஒரு விரல்கடை சாய்ந்தது. பிறகு மொத்தப் பாரத்தோடு விழுந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எனக்குக் காரணம் முன்பே தெரியும். தெரிந்திருப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. நான் பார்க்காத அந்தச் சாய்வைச் செல்லம்மாள் தன் கைக்கு மேலே இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

"அப்ப, நான் மிதிக்கல" என்றார் பெருமாள்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நான் மிதிக்கல" என்று திரும்பவும் சொன்னார். கை போனபோது அழாத மனிதர் அப்போது அழுதார். செல்லம்மாள் அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோவிந்தசாமி மேசைக்கு முன்னால் போனார். "இவனுக்குப் பக்கத்துல என் கையெழுத்தும் இருக்குங்க. அதையும் எழுதிக்குங்க" என்றார். அதே மெல்லிய குரலில், "மெக்கானிக் கை உள்ள போனா நான் மூணு கேள்வி கேப்பேன். இவங்க கை நாள் பூரா ஓடற மெஷினுக்குள்ளதான் போயிட்டு வருது. இவங்களுக்காக ஒரு கேள்வி நான் கேட்டதில்ல" என்றார்.

எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. ஏழெட்டு வருஷமாக எங்கள் நகங்களை எண்ணிப் பெருமைப்பட்டோம். எங்கள் கை எப்போதாவது, நின்றுபோன இயந்திரத்துக்குள் போகும் கை.

பெருமாளுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேர்ந்தது. ஸ்டோரில் வேலையும் கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினார். என்னை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மொத்தமாகவே நீக்கியிருப்பார்கள். இயந்திரத்தை ஓட்டிக் காட்டியவனை நீக்கினால் அடுத்த தடவை யார் வாயைத் திறப்பான் என்று இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம் கேட்டாராம். அதைக் கோவிந்தசாமிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

அந்த ஒரு மாதத்தில் அவர் பெரிய பிரஸ்ஸை மாற்றிவிட்டிருந்தார். பேரிங் புதிது, பட்டி புதிது, எண்ணெய் ஒழுகினால் வெளியே வடிய ஒரு தகரத் தடுப்பு. இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் கம்பிக் கதவு ஒன்று. கதவு கீழே இறங்கி மூடினால் மட்டும்தான் பெடல் அமுங்கும். துண்டை எடுக்க நீள இடுக்கி. பழுதுப் புத்தகத்தில் மெக்கானிக் எழுதுகிற இடத்துக்கு முன்னால், ஓட்டுகிறவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத ஒரு கட்டம், பழுது எந்த நேரத்தில் வருகிறது என்று எழுத ஒரு கட்டம்.

எல்லாம் இருந்தும் அதில் உட்கார ஆளில்லை. கோவிந்தசாமி யாரையும் உட்காரச் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லத் துணியவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், அனுமதி கேட்டுக்கொண்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாள் பூராவும் கீல் அடித்தேன். மறுநாளும் அடித்தேன்.

அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு மரையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவன் நான். ஸ்டூலில் உட்கார்ந்தால் சக்கரம் தெரியாது, பட்டி தெரியாது, பேரிங் தெரியாது. தகடும் நம் இரண்டு கையும் மேலே தொங்குகிற தலையும்தான் தெரியும். மூன்று மணி நெருங்கினால் எனக்கு முதுகு வேர்த்து வழியும். கம்பிக் கதவு இருந்தும், இடுக்கி இருந்தும், கையை ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதனால் தகடுகள் கோணின. பாதிக் கீல்கள் ஓட்டை தள்ளிப்போய் வீணாகின.

மூன்றாம் நாள் பிற்பகல் செல்லம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். விபத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. வீணான கீல்கள் கிடந்த கூடையைப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டார்.

"எந்திரிங்க" என்றார்.

"வேண்டாம் அம்மணி. பெருமாள் சொல்லியிருக்காரு."

"அவருகிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். எந்திரிங்க. உங்களுக்கு இது வராதுங்க. தகடுதான் வீணாப் போகுது."

எழுந்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கம்பிக் கதவை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இடுக்கியால் தகட்டை எடுத்து வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிதித்தார். தலை இறங்கி அடித்துவிட்டு மேலே போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து நின்றேன். கூரை காய்ந்துகொண்டிருந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அச்சின் மேல் அவர் அடுத்த தகட்டை வைக்கிற சின்னச் சத்தம் கேட்டது.